பழைய வெனீஷியன் பிளைண்ட்ஸுக்குப் பெயிண்ட் அடிக்கலாமா, புதிதாகவே மாட்டிவிடலாமா?

கேள்வி: கடலோர வீடு

அனைவருக்கும் வணக்கம். திருவான்மியூரில், கடலிலிருந்து ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் தொலைவில், மூன்றாவது மாடியில் எங்கள் வீடு இருக்கிறது. 2006-இல் குடிவந்தபோது ஐந்து சன்னல்களுக்கு அலுமினிய வெனீஷியன் பிளைண்ட்ஸ் (கயிற்றில் கோத்த கிடைமட்டப் பட்டைகளால் ஆன சன்னல் மறைப்பு) மாட்டினோம். எல்லாமே நான்கடிக்கு நான்கடி. பட்டை ஒவ்வொன்றும் ஓரங்குல அகலம். அன்று பளிச்சென்றிருந்த வெள்ளை இப்போது பழைய தபால் உறையின் நிறத்துக்கு வந்துவிட்டது. மேற்குப் பார்த்த இரண்டு சன்னல்களில் நிலைமை மிகவும் மோசம். பட்டையை விரலால் தேய்த்தால் சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்தது போல வெள்ளைத் தூள் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் பட்டைகள் வளையவில்லை. திருகுகோலைத் திருப்பினால் இன்றும் ஒழுங்காகத் திறந்து மூடுகின்றன. கயிறுகள் மட்டும் கறுத்து, ஓரிரு இடங்களில் நைந்திருக்கின்றன.

புதிதாக மாட்டுவதற்குக் கடையில் சதுர அடிக்கு 150 ரூபாய் கேட்கிறார்கள். மொத்தம் 80 சதுர அடிக்கு 12,000 ரூபாய் ஆகிறது, மாட்டுக்கூலி தனி. வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு பொருளை நிறம் போய்விட்டது என்பதற்காக மட்டும் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட மனம் வரவில்லை. எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வரும் பெயிண்டரைக் கேட்டேன். பிளைண்ட்ஸைக் கழற்றவே வேண்டாம், தொங்கியபடியே ரெட் ஆக்சைடு பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு கோட்டும் வெள்ளை எனாமல் இரண்டு கோட்டும் அடித்துவிடலாம், இரண்டு நாள் வேலை என்று அவர் சொல்கிறார். அவர் நல்ல வேலைக்காரர்தான் என்றாலும், இந்த யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை.

இதைச் செய்து பார்த்தவர்கள் யாரேனும் இருந்தால், எந்தப் பெயிண்ட், எந்த முறை, எத்தனை ஆண்டு தாங்கும் என்பதைச் சொல்ல வேண்டுகிறேன். சமையலறையில் ஒரு சிறிய சன்னலுக்கு இதே வடிவில் பிளாஸ்டிக் பிளைண்ட்ஸ் இருக்கிறது. அது எங்களுக்கு முன் இருந்தவர்கள் விட்டுப்போனது. அதற்கும் சேர்த்து அடித்துவிடலாமா என்பதையும் தெரிவியுங்கள். வீட்டில் இரண்டு வயதுப் பேரன் இருக்கிறான். அதனால் வாசனை, தூசு இரண்டைப் பற்றியும் எனக்குக் கவலை உண்டு.

மறுமொழி: அரைகுறைக் கைவேலை

அம்மா, வணக்கம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தொங்கவிட்டபடியே அடிக்க அவரை விடாதீர்கள். நான் விட்டேன், அல்லது சரியாகச் சொன்னால், அந்த முட்டாள்தனத்தை நானே என் கையால் செய்தேன்.

பட்டைகளை ஏணிக் கயிற்றின் படிகள்தாம் தாங்கிக்கொண்டிருக்கின்றன. பிரஷ் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் படி பட்டையைத் தொடும் இடத்தில் பெயிண்ட் தேங்கி, காய்ந்தபின் கயிற்றையும் தகட்டையும் ஒன்றாக ஒட்டிவிடுகிறது. இரண்டு நாள் கழித்து நான் திருகுகோலைத் திருப்பியபோது பாதிப் பட்டைகள் திரும்பின, மீதிப் பட்டைகள் அசையாமல் நின்றன. கொஞ்சம் பலமாகத் திருகியதும் ஏணிப்படிகள் ஏழெட்டு அறுந்து, பட்டைகள் ஒருபக்கம் சாய்ந்து தொங்கின. கயிற்றின் மேல் படிந்த எனாமல் காய்ந்து கம்பி போல விறைத்துப்போயிருந்தது. மேல் பெட்டிக்குள் கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பூட்டில் அந்தக் காய்ந்த பெயிண்ட் உதிர்ந்து சிக்கியதால், ஏற்றினால் நிற்கவும் இல்லை, இறக்கினால் இறங்கவும் இல்லை.

இரண்டாவது முறை முழுதாகக் கழற்றிச் செய்தேன், அது நன்றாக வந்தது. கழற்றுவது அச்சப்படும் அளவுக்குக் கடினமில்லை. அடிக்கட்டையின் அடியில் பிளாஸ்டிக் மூடிகள் இருக்கும். அவற்றை ஒரு தட்டை ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் கயிற்றின் முடிச்சு தெரியும். முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை மேல்பக்கமாக உருவிவிட்டால், பட்டைகள் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் நழுவி வெளியே வந்துவிடும். உருவுவதற்கு முன்பு மறக்காமல் கைப்பேசியில் நெருக்கமாக ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், இழுக்கும் கயிறு பட்டைகளின் துளை வழியாக வெறுமனே நேர்க்கோட்டில் இறங்குவதில்லை. ஏணியின் முதல் படிக்கு இடப்புறம், அடுத்த படிக்கு வலப்புறம் என்று மாறி மாறிப் போகிறது. அப்படிப் போனால்தான் பட்டை பக்கவாட்டில் நழுவாமல் இருக்கும். நான் இதைக் கவனிக்காமல் கோத்துவிட்டு, மாட்டிய அன்றே மூன்று பட்டைகள் சரிந்து விழுந்த பிறகுதான் மறுபடி கோத்தேன்.

அடுத்தது கணக்கு. என் வீட்டில் நான்கடி உயரத்துக்கு 57 பட்டைகள் இருந்தன. உங்களுடையதும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். ஒரு பட்டை நான்கடி நீளம், ஓரங்குல அகலம். 57 பட்டைகளுக்கு ஒருபக்கம் 19 சதுர அடி, இருபக்கமும் 38 சதுர அடி. சன்னல் 16 சதுர அடிதான், ஆனால் இரண்டு கோட் அடிக்க வேண்டிய பரப்பு 76 சதுர அடி. ஐந்து சன்னலுக்கு 380 சதுர அடி, அதாவது ஒரு சிறிய அறையின் நான்கு சுவர்கள். 400 மில்லி ஸ்பிரே டப்பாவில் அடித்தேன். காற்றில் போனது போக ஒரு டப்பா 20 சதுர அடிக்கு மேல் வரவில்லை. ஆக, ஒரு சன்னலுக்கு நான்கு டப்பாக்கள். புதியதன் விலையில் பாதியைப் பெயிண்டே தின்றுவிட்டது. பணத்தை மிச்சப்படுத்துவது மட்டுமே நோக்கம் என்றால் டப்பாவில் அடிக்காதீர்கள். கம்ப்ரசரும் ஸ்பிரே கன்னும் வைத்திருக்கும் ஒருவரை ஒருநாள் அழைப்பது மலிவு.

பட்டைகளைத் தரையில் பரப்பி அடித்தால் ஒருபக்கம் காய்ந்த பிறகே மறுபக்கம் அடிக்க முடியும். தரையில் ஒட்டவும் செய்யும். கட்டுக்கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி, எஸ் வடிவக் கொக்கியாக வளைத்து, பட்டையில் உள்ள கயிற்றுத் துளையிலேயே மாட்டித் துணிக்கொடியில் தொங்கவிடுங்கள். ஒரு சாண் இடைவெளி தேவை. நான் நெருக்கமாகத் தொங்கவிட்டதால், பகல் பன்னிரண்டு மணிக்குமேல் காற்று எழும்பியதும் ஈரப்பட்டைகள் ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொண்டன. காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடித்துவிடுவது நல்லது.

காய்ந்ததும் ஒவ்வொரு துளையையும் பாருங்கள். ஓரத்தில் பெயிண்ட் கெட்டிப்பட்டிருந்தால் அது கயிற்றை ரம்பம் போல அறுக்கும். எலிவால் அரத்தால் இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும். பட்டைக்கு இரண்டு துளை, 57 பட்டைக்கு 114 துளை. இந்த இடத்தில்தான் எனக்கு வேலை வெறுத்துப்போனது என்பதை மறைக்க விரும்பவில்லை.

கயிறு எப்படியும் நைந்திருப்பதாகச் சொல்கிறீர்கள். கழற்றிய பிறகு பழைய கயிற்றையே கோக்க வேண்டாம். ஏணிக் கயிறும் இழுக்கும் கயிறும் பிளைண்ட்ஸ் செய்பவர்களிடம் அடிக்கணக்கில் கிடைக்கின்றன. நான் அடித்தது நான்கு ஆண்டுகள் ஆகியும் நன்றாக இருக்கிறது. ஆனால் என் வீடு கடலோரத்தில் இல்லை.

மறுமொழி: பெயிண்ட் கடை அனுபவம்

சகோதரிக்கு வணக்கம். பெயிண்ட் கடையில் இருபத்தைந்து ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் சில செய்திகளைச் சேர்க்கிறேன். முந்தைய நண்பர் கழற்றுவது பற்றிச் சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்கிறேன்.

உங்கள் விரலில் ஒட்டும் வெள்ளைத் தூள் அலுமினியம் அன்று, பழைய பெயிண்ட். வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் பெயிண்டின் பிசினை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அரிக்க, பிடிமானம் இழந்த நிறத்தூள் மேலே உதிர்ந்து நிற்கிறது. இதன் மேல் எந்த உயர்ந்த பெயிண்டை அடித்தாலும் அது தகட்டில் ஒட்டாது, தூளின் மேல்தான் ஒட்டும். தூளோடு சேர்ந்தே உரிந்தும் வரும். உங்கள் வீட்டில் இன்னொரு தொல்லை உப்பு. உப்புப் படிவின் மேல் பெயிண்ட் அடித்தால் அந்த உப்பு ஈரத்தை உள்ளே இழுத்து, மழைக்காலத்தில் அம்மைக் கொப்புளம் போலப் பெயிண்டைத் தூக்கிவிடும். எனவே கழற்றிய பட்டைகளைப் பாத்திரம் துலக்கும் சோப்புநீரில் கழுவி, பிறகு வெறும் நல்ல தண்ணீரில் இரண்டுமுறை அலசுங்கள். ஆழ்குழாய் நீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்காவது குடிநீரைப் பயன்படுத்துங்கள்.

பின்பு 400 எண் வாட்டர் பேப்பரால், தண்ணீர் தொட்டுத் தொட்டு, மினுமினுப்பு போகும்வரை இலேசாகத் தேய்க்க வேண்டும். அலுமினியம் தெரியும்வரை தேய்க்கக் கூடாது. தொழிற்சாலையில் சூடேற்றிப் பதித்த அந்த அடிப்பூச்சு இன்னும் உறுதியாக இருந்தால் அதைவிடச் சிறந்த பிரைமர் நமக்குக் கிடைக்காது. உலரவைத்துத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக்கூடாது என்ற இந்திய விதி 2016-இல் வெளியாகி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எந்தப் பூச்சானாலும், குழந்தை இருக்கும் வீட்டில் தூசு கிளப்பாமல் ஈரமாகத் தேய்ப்பதே முறை. தேய்த்த நீரையும் பால்கனியில் ஓடவிடாமல் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

ரெட் ஆக்சைடு இரும்புக்கானது. அலுமினியப் பட்டைக்கு அது வேண்டாம். வெள்ளையின் அடியில் செம்மண் நிறம் வேறு தெரியும், அதை மறைக்கவே கூடுதலாக ஒரு கோட் போகும். அலுமினியத்துக்கென்று பழைய பெயிண்டர்கள் கேட்டு வாங்கும் மஞ்சள் நிற ஜிங்க் குரோமேட் பிரைமர் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதில் உள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் வகையைச் சேர்ந்தது என்பதால் வீட்டுக்குள் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். பழைய பூச்சு போய் வெறும் தகடு தெரியும் இடங்களுக்கு மட்டும் கார் பெயிண்ட் கடையில் கிடைக்கும் எட்ச் பிரைமரையோ எபாக்ஸி பிரைமரையோ மெல்லிசாகத் தொட்டால் போதும்.

மேல்பூச்சைப் பொறுத்தவரை, சாதாரண எண்ணெய் எனாமலின் வெள்ளை நாளடைவில் மஞ்சளாகும், அதுவும் வெளிச்சம் குறைந்த பக்கத்தில் இன்னும் விரைவாக. வெயில் படும் வெளிப்பக்கம் வெள்ளையாகவும் அறைக்குள் தெரியும் பக்கம் மஞ்சளாகவும் ஆவதைப் பார்த்துப் பலர் கடைக்கு வந்து சண்டை போட்டிருக்கிறார்கள். நீரில் கரைக்கும் அக்ரிலிக் எனாமலுக்கு அந்தக் குறை இல்லை, வாசனையும் குறைவு. ஆனால் அதற்கு வேறொரு குணம் உண்டு. தொட்டால் காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே முழுதாக இறுகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் பிளைண்ட்ஸை மேலே ஏற்றிப் பட்டைகளை அடுக்கிவைத்தால், சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மாட்டிய பின் மூன்று வாரமாவது இறக்கியே, பட்டைகளைக் கிடைமட்டமாகத் திறந்தே வைத்திருங்கள்.

பூச்சு மெல்லிசாக இருக்க வேண்டும். இந்தப் பட்டையின் தடிமனே ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர்தான். பிரஷ்ஷால் இருபக்கமும் இரண்டு கோட் அடித்தால் 0.1 மில்லிமீட்டருக்கும் மேல் பெயிண்ட் ஏறிவிடும், அதாவது தகட்டில் பாதித் தடிமன். அந்த எடையையும் ஏணிக் கயிறுதான் சுமக்க வேண்டும். ஆகையால் ஸ்பிரே, அதுவும் இரண்டு மெல்லிய கோட்.

எல்லாவற்றுக்கும் முன்பு ஒரே ஒரு பட்டையில் சோதித்துவிடுங்கள். கழுவித் தேய்த்துப் பெயிண்ட் அடித்து, ஒருவாரம் காயவிட்டு, பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் கீறி, மேலே டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று உரியுங்கள். டேப்போடு கட்டங்கள் வந்துவிட்டால் மீதி 284 பட்டைகளையும் தொடாதீர்கள். பெயிண்டிங் தொழிலில் உள்ளவர்கள் பிடிமானம் பார்ப்பது இப்படித்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். இப்போது பங்குனி, காலம் சரியாக இருக்கிறது.

மறுமொழி: நிழல்தேடி

அம்மா, மற்றவர்கள் அலுமினியத்தைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டதால் நான் சமையலறைப் பிளாஸ்டிக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதற்குப் பெயிண்ட் அடிக்க வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம், கழற்றி அப்புறப்படுத்திவிடுங்கள்.

1996-இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், வெளிநாடுகளிலிருந்து இறக்குமதியான வினைல் மினி பிளைண்ட்ஸைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பிளாஸ்டிக் உறுதியாக இருப்பதற்காக அதில் ஈயம் சேர்த்திருந்தார்கள். வெயிலிலும் சூட்டிலும் பிளாஸ்டிக் சிதையச் சிதைய, ஈயம் கலந்த தூசு பட்டைகளின் மேல் படிந்தது. பட்டையைத் தொட்ட கையைச் சின்னக் குழந்தை வாயில் வைத்தால் அது உடலுக்குள் போகும் என்பதால், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீடுகளிலிருந்து அவற்றை எடுத்துவிடும்படி சொன்னார்கள். உங்கள் வீட்டில் இருப்பது எங்கே, எப்போது செய்யப்பட்டது என்று கண்டுபிடிக்க வழியில்லை. வாட்டர் பேப்பர் போட்டால் அந்தத் தூசை நாமே கிளப்பியதாகும். சிறிய சன்னல்தானே, ஒரு பருத்தித் திரை போதும்.

இன்னொன்று, புதிய கயிறு கோக்கும்போது கீழ்முனைகளை ஒன்றாக முடிந்து வளையமாக விடாதீர்கள். தனித்தனிக் குஞ்சங்களாக விட்டு, பேரனின் கைக்கு எட்டாத உயரத்தில் ஆணி அடித்துச் சுற்றிவையுங்கள். அவனுடைய கட்டிலையும் சன்னலருகே போடாதீர்கள். இத்தகைய கயிறுகள் கழுத்தில் மாட்டிக் குழந்தைகள் இறந்திருக்கின்றன.

கடைசியாக, ஐந்துக்கும் அடிக்கத்தான் வேண்டுமா? வெயில் படாத மூன்றும் அழுக்காக மட்டுமே இருக்கலாம். ஒன்றைக் கழற்றிக் குளியலறையில் கழுவிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பெயிண்ட் என்று தொடங்கிவிட்டால் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை அதற்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மறுமொழி: கடலோர வீடு

நேரம் ஒதுக்கி எழுதிய மூவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வந்து சொல்கிறேன்.

கூடத்துச் சன்னலில் இருந்ததைக் கழற்றிச் சோப்புநீரில் கழுவினேன். பழைய தபால் உறை என்று நான் சொன்ன நிறத்தில் பாதிக்குமேல் சமையல் புகையும் சாம்பிராணியும்தான் என்பது முதல் வாளித் தண்ணீரிலேயே தெரிந்துவிட்டது. புதிது போல ஆகவில்லை, ஆனால் முகம் சுளிக்க வேண்டியதில்லை. அதனால் கூடத்துப் பிளைண்ட்ஸுக்கும் வடக்குப் பார்த்த இரண்டுக்கும் கழுவலும் புதுக் கயிறும் போதும் என்று முடிவெடுத்தேன். பிளாஸ்டிக்கை அன்றே ஈரத்துணியால் போர்த்திக் கழற்றிக் கட்டிவைத்துவிட்டேன்.

மேற்குச் சன்னல்களுக்கு வேறு வழியில்லை. சோதனைப் பட்டைகள் இரண்டை வைத்துக்கொண்டேன்: ஒன்றைக் கழுவித் தேய்த்து அடித்தேன், மற்றொன்றை, வேண்டுமென்றேதான், துணியால் துடைத்துவிட்டு அப்படியே அடித்தேன். எட்டாம் நாள் டேப் ஒட்டி உரித்தபோது, துடைத்து அடித்ததில் கட்டங்கள் மொத்தமும் டேப்பில் வந்துவிட்டன. டேப்பின் அடியில் அதே வெள்ளைத் தூள். தேய்த்து அடித்ததில் ஓரத்தில் ஒரு சின்னச் செதிலைத் தவிர எதுவும் வரவில்லை. எங்கள் பெயிண்டரைக் கூப்பிட்டு இரண்டு பட்டைகளையும் கையில் கொடுத்தேன். அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, கம்ப்ரசர் வைத்திருக்கும் தம் மைத்துனரை ஞாயிற்றுக்கிழமை காலையில் அழைத்துவருவதாகச் சொன்னார்; அதன்படியே வந்து முதல் சன்னலுக்கு அடித்தும் விட்டார்கள். இப்போது பால்கனிக் கொடியில் 57 பட்டைகள் தொங்குகின்றன. துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போய்வருகிறேன்.

ஒரு செய்தி யாரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது, பேரன்தான் காட்டிக்கொடுத்தான். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையை எடுத்துவந்து ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பட்டைகளில் ஒட்டாத பொம்மை அடிக்கட்டையில் பட்டென்று ஒட்டியது, மேல் பெட்டியிலும் ஒட்டியது. இரண்டும் இரும்புத் தகடு. திருப்பிப் பார்த்தால் உள்மடிப்பு முழுவதும் துரு. பெயிண்டர் முதல்நாளே வாங்கிவந்து, வேண்டாம் என்று நான் மூலையில் வைக்கச் சொல்லியிருந்த ரெட் ஆக்சைடு டப்பாவை இப்போது அவர் திறந்துகொண்டிருக்கிறார்.